நீலம் ஏறிய கொடுவாள்

அப்புச்சியின் கொடுவாளைக் கெடுத்தது நான்தான். ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில், அவர் அசந்து தூங்கும் நேரம் பார்த்து ஆங்கிள் கிரைண்டரை ஓடவிட்டேன். இரண்டே நிமிஷம். பொறி பறந்தது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. நிறுத்தினால் வாயோரம் நீலம்.

"சூடு கண்டுருச்சு கண்ணு. பதம் போச்சு."

வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் தென்னை மட்டையை வெட்டும்போது வாய் மடங்கிக்கொண்டது.

எஃகு நீலமானால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். உலையில் ஏற்றிய கடினம் அந்த இடத்தில் இளகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிறம்தான் போகும், பதம் திரும்பாது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய சாணைப் பட்டறை. பெரிய கல், அடிப்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் முங்கியபடி சோம்பலாகச் சுற்றுகிறது. பொறியே இல்லை, சாம்பல் நிறச் சேறு மட்டும் வழிகிறது. கறிக்கடைக் கத்திகளெல்லாம் முடிந்து எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. சாணைக்காரர் நீலம் பட்ட இடம் முழுக்கத் தேய்த்தெடுத்தார். அரை விரல் அகலம் போயிற்று. பிசிறு நுனிவரை எழுந்ததா என்று தடவிப் பார்த்த பிறகே பக்கம் மாற்றினார்.

வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்தார். ஏன் என்றேன்.

"கல்லு ஒரு பக்கமா ஊறிக் கனத்துருமுங்க. நாளைக்கு ஆடும்."

அப்புச்சி கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும், சாக்கில் சுற்றிய கொடுவாளை என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.