அகற்றுவதும் விட்டுவைப்பதும்

நோய் நீங்கினால் போதும் என்று மன்றாடுகிறோம். நீங்கிய பின் எஞ்சியிருக்கும் உடலைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்ற சகோதரிகளை இல்லங்களில் சந்திக்கும்போது நம் காதில் விழும் முறையீடு பெரும்பாலும் நோயைப் பற்றியதன்று, கையைப் பற்றியது. "நோய் போயிற்று சாமி, கைதான் கல்லாய்க் கனக்கிறது" என்கின்றனர். குடத்தை இடுப்பில் ஏற்ற இயலாமையும், ரவிக்கைக்குள் கை நுழையாமையும் எந்த மருத்துவ அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

இத்துன்பத்தின் வரலாறு நல்லெண்ணத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றினார். அவ்வாறு 50 பெண்களுக்குச் செய்த அறுவையின் விளைவுகளை 1894-இல் வெளியிட்டார். எவ்வளவு அதிகமாக அகற்றுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பதே அக்காலத்தின் நம்பிக்கை. எனினும் 1921-இல், அறுவைக்குப் பின் வரும் கைவீக்கத்தைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதினார். அவ்வீக்கத்திற்கு யானைக்கால் நோயின் பெயரையே சூட்டினார். தம் கைகள் செய்த நன்மையோடு கூடவே பிறந்த தீமையை உற்றுநோக்கிய அந்த நேர்மை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நிணநீர் வடியும் வழி அறுபடும்போது கை வீங்குகிறது. ஆகவே, அவ்வழியை அறுப்பது எல்லாருக்கும் தேவைதானா என்ற கேள்வி எழுந்தது. பெர்னார்டு ஃபிஷர் 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வும், உம்பர்த்தோ வெரொனேசி 1973-இல் மிலான் நகரில் தொடங்கிய ஆய்வும் பல்லாண்டுகள் பொறுமையோடு காத்திருந்தன. பெரிய அறுவை பெற்றோரைவிடச் சிறிய அறுவை பெற்றோர் குறைவாக உயிர்பிழைக்கவில்லை என்பது 2002-இல் வெளிவந்த நீண்டகால முடிவுகளால் உறுதியாயிற்று.

இடையே, 1990-களில் மற்றொரு வழி திறந்தது. நீலச் சாயத்தையோ மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ மார்பகத்தில் செலுத்தி, நிணநீர் முதலில் சென்றடையும் காவல் முடிச்சுகளைக் கண்டறிகின்றனர். அவற்றில் புற்று இல்லையெனில் மற்றவற்றைத் தொடுவதில்லை. 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அக்குள் முழுவதும் அகற்றப்பட்டோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கும், காவல் முடிச்சு மட்டும் எடுக்கப்பட்டோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கும் கைவீக்கம் வந்திருந்தது தெரிந்தது.

மற்ற துன்பங்களுக்கும் வழி காணப்படுகிறது. மார்பகம் இருந்த இடத்தில் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வதைக் குறைக்க, மெத்தை தைப்பது போலத் தோலை அடித்தசையோடு ஆங்காங்கே தைக்கின்றனர். மேற்கையின் உட்புறம் மரத்துப்போகாதிருக்க, அக்குளைக் கடந்து செல்லும் மெல்லிய நரம்பை இயன்றவரை காக்கின்றனர். அக்குளைச் சுத்தம் செய்தே ஆகவேண்டிய நிலையில், அறுபட்ட நிணநீர்க் குழாயை அருகிலுள்ள சிரையோடு அதே வேளையில் இணைக்கும் முறையை இத்தாலியின் ஜெனோவா மருத்துவர்கள் 2009-இல் விவரித்தனர். அது எங்கும் வழக்கமாகிவிடவில்லை.

எல்லாருக்கும் சிறிய அறுவை பொருந்தாது. நோய் அக்குளில் நன்கு பரவியிருப்பின் முழுமையான அறுவை இன்றும் தேவைப்படலாம். ஆதலால், நாணத்தால் கட்டியை மறைத்துக் காலம் தாழ்த்துவது, விட்டுவைக்கக்கூடியதையும் இழக்கச் செய்கிறது. கட்டி தென்பட்ட உடனே மருத்துவரிடம் செல்வதும், "அக்குளில் எவ்வளவு எடுப்பீர்கள்? பின்னர் கைக்கு என்ன பயிற்சி?" என்று தயங்காமல் வினவுவதும் நம் சகோதரிகளின் உரிமை. அவர்களுக்குத் துணையாகச் செல்லும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது கடமை.

அகற்றுவதற்குத் துணிவு வேண்டும். எதை விட்டுவைப்பது என்று அறிய, துணிவோடு பொறுமையும் அன்பும் வேண்டும். மருத்துவம் இதைக் கற்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிறர் வாழ்வில் தீமையைக் களைய முற்படும் நாம் அனைவரும் கற்கவேண்டிய பாடமும் இதுவே.