இடங் கிடைக்குமா?

நெல்லை மரக்காலால் அளப்பர்; துணியை முழத்தால் அளப்பர்; பொன்னைத் தராசிலிட்டு நிறுப்பர். முழக்கோல் கொண்டு நெல்லளக்கப் புகுவாரைக் கண்டால் உலகம் நகும். ஆயினும், தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களில் நிகழ்வது பெரும்பாலும் இத்தகையதே. மொத்த மதிப்பெண் ஒன்றையே நோக்கி, “இவனுக்கு இடங் கிடைக்கும், அவனுக்குக் கிடையாது” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். எல்லாப் பாடங்களிலும் ஒரே சீராகப் பெற்றோர்க்கு இத்தீர்ப்பு ஒருவாறு பொருந்தலாம். ஒன்றில் மலையும் மற்றொன்றில் மடுவுமாகப் பெற்ற எம்போல்வார்க்கு அது பொருந்துவதன்று. இதனை யாம் ஓர் இழப்பினாற் கற்றோம்.

2019 ஆம் ஆண்டில் யாம் மேனிலைத் தேர்வு எழுதினோம். கணிதத்தில் 98, பௌதிகத்தில் 94, இரசாயனத்தில் 71 கிடைத்தன. எம்மருகே அமர்ந்து பயின்ற நண்பர் முறையே 86, 92, 97 பெற்றார். மூன்றையுங் கூட்டின் எமக்கு 263, அவருக்கு 275. “இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போய் இடங் கேட்பது?” என்று எம் தந்தையார் ஒரே ஒருமுறைதான் கூறினார். யாம் அதனைப் பல இரவுகள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டிற் பொறியியற் சேர்க்கைக்குரிய நுழைவுத்தேர்வு 2007 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின்னர் மேனிலைத் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. கட்-ஆஃப் என்று மாணவர் வழங்கும் அக்கணக்கில், கணிதம் 100க்கு நிற்கும், பௌதிகமும் இரசாயனமும் பாதியாக்கப்பெற்று ஒவ்வொன்றும் 50க்கு நிற்கும், ஆக 200. தமிழும் ஆங்கிலமும் இக்கூட்டலிற் சேர்வன அல்ல. இதன்படி எமக்கு 98, 47, 35.5 எனக் கூடி 180.5 ஆயிற்று. நண்பருக்கு 86, 46, 48.5 எனக் கூடி அதே 180.5! எம்மிருவர்க்கும் இடைநின்ற 12 மதிப்பெண் வேறுபாடு மறைந்தொழிந்தது. அன்றியும், இருவர் சமமாயின் கணிதத்தில் மிக்கவரே முன்னிற்பர் என்பது விதி. ஆகவே தரவரிசையில் யாமே அவருக்கு முன்னின்றோம்.

2018 முதல் இக்கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகின்றது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி எழுதித் தருவர். தரவரிசையில் முன்னிற்பவர்க்கு, அவர் பட்டியலில் இடமுள்ளவற்றுள் மேலே உள்ளது அளிக்கப்பெறும். முதலில் எழுதியது கிடையாதொழியின் அடுத்தது நோக்கப்படும். ஆகலின், அரிய கல்லூரியை முதலில் எழுதுவதனால் வரும் இழப்பு யாதுமில்லை. இதனை யாம் அறிந்தே இருந்தோம். அறிந்தும், யாம் பெரிதும் விரும்பிய கல்லூரியில் முந்திய ஆண்டின் இறுதி மதிப்பெண் 182 என்று கண்டு, அதனை எழுதாது விட்டோம். 71 என்னும் எண் எம்மை அவ்வளவிற்கு நாணச் செய்திருந்தது. நண்பரோ, “எழுதுவதற்குக் காசா, பணமா?” என்று நகைத்து, அக்கல்லூரியையே முதல் வரியில் எழுதினார்.

அவ்வாண்டு அவ்விடம் 180.5 வரை இறங்கிற்று. இட ஒதுக்கீட்டில் யாமிருவரும் ஒரே பிரிவினர். நண்பர் பெற்றது அப்பிரிவின் கடைசி இடம். யாம் எழுதியிருப்பின் அது எமக்கே வந்திருக்கும். பின்னர் யாம் இக்கல்லூரிக்குக் கணிதம் பயில வந்தோம், வந்ததற்கு வருந்தவில்லை. ஆயினும், எம்மை மறுத்தவர் பிறர் எவருமிலர், யாமே எம்மை மறுத்துக்கொண்டோம் என்பது நெடுநாள் நெஞ்சை உறுத்திற்று.

இளைய மாணவர்க்கு யாம் கூறுவது இது. முதலில், நீவிர் நாடும் கல்லூரி எப்பாடத்தை எவ்வளவு நிறுக்கின்றது என்று அறிமின். ஜே.இ.இ. தேர்வில் கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் சமநிறை உடையன. ஆங்கு இரசாயனத்தின் தாழ்வு பாதியாகக் குறையாது, முழுச் சுமையாகவே அழுத்தும். அடுத்து, வினாத்தாள் எளிதாயின் எல்லார் மதிப்பெண்ணும் ஏறும், கடிதாயின் இறங்கும். ஆதலின் முந்திய ஆண்டுகளின் இறுதி மதிப்பெண்ணினும் இறுதித் தரவரிசை எண்ணை நோக்குதல் நன்று. ஓராண்டன்று, மூன்று நான்கு ஆண்டுகளை ஒப்பிடுமின். அதுவும் தத்தம் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியதையே.

இவ்வாண்டு எம் தம்பி தன் மதிப்பெண் பட்டியலுடன் வந்து, “அண்ணா, எனக்கு இடங் கிடைக்குமா?” என்றான். அவனுக்குப் பௌதிகத்தில் மடு. இருவருமாக அமர்ந்து கணக்கிட்டோம். “அரிதுதான், இல்லையென்று சொல்வதற்கில்லை” என்றோம். அவன் சிறிது நேரம் தயங்கியிருந்து, தான் விரும்பிய கல்லூரியை முதல் வரியில் எழுதினான்.

நண்பர்காள், கிடைக்குமா என்று ஆராய்தல் நம் கடமை. கிடையாது என்று தீர்ப்பளித்தல் நம் தொழிலன்று.