கொம்பிரசர் வாங்கப்போகிற தம்பிமாருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் படிப்பிக்க வருகிற சில ஆசிரியர்கள். எங்களிடம் படித்த மூன்று பேர் போன மாதம் வந்தார்கள். இரண்டு பேர் படுவான்கரை, ஒருவர் எழுவான்கரை. மேசன்மாருடன் கையாளாக நின்று தொழில் பழகியவர்கள். இனிச் சொந்தமாக உடைப்பு வேலையும் பெயின்ற் வேலையும் எடுத்துச் செய்யப்போகிறார்களாம். பழைய டீசல் கொம்பிரசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒருவரின் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு தரச் சம்மதித்திருக்கிறா. "சேர், எடுக்கலாமா?" என்று கேட்டார்கள்.

தாலிக்கொடி என்றதும் சும்மா ஒரு பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. "இருங்க தம்பி, கணக்குப் பார்ப்போம்" என்றோம். பார்த்த கணக்கை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

கடையில் முதலில் சொல்வது குதிரைவலு, அடுத்தது அழுத்தம். இரண்டையும் மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சைக்கிள் பம்பை நினைத்துப் பாருங்கள். நல்ல பம்பால் டயருக்குள் 100 பிஎஸ்ஐ கூட ஏற்றலாம். அதற்காக அதில் பிரேக்கரை மாட்டி கொங்கிரீட் உடைக்க முடியுமா? அழுத்தம் இருக்கிறது, காற்றின் அளவுதான் காணாது. அந்த அளவுதான் சிஎஃப்எம், அதாவது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது.

30 கிலோ அளவுள்ள காற்றுப் பிரேக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 50 முதல் 60 சிஎஃப்எம் வேண்டும். பெயின்ற் அடிக்கிற கன்னுக்கு 8 முதல் 12 போதும். வீட்டுக் கரண்டில் ஓடுகிற 3 குதிரைவலு தாங்கிக் கொம்பிரசர் தருவது சுமார் 10 தான்.

"தாங்கியில் காற்று நிறைந்திருக்கும்தானே சேர்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 50 லீட்டர் தாங்கி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது தருவது ஏறத்தாழ 100 லீட்டர் காற்று. பிரேக்கர் ஒரு நிமிடத்தில் 1,500 லீட்டர் குடிக்கும். நான்கு செக்கனில் கதை முடிந்துவிடும்.

லேபலில் எழுதியிருக்கிற சிஎஃப்எம்மையும் அப்படியே நம்ப வேண்டாம். பிஸ்டன் இழுக்கிற காற்று வேறு, குழாயால் வெளியே வருகிற காற்று வேறு. வெளியே வருவது எப்போதும் குறைவு. "இத்தனை பிஎஸ்ஐயில் வெளியே எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். சவூதியிலிருந்து மச்சான் அனுப்புகிற மெஷின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். காற்றும் குறையும், சூடும் கூடும்.

அப்படியானால் இழுத்துச் செல்கிற டீசல் மெஷின்தான் சரியா? 185 சிஎஃப்எம் மெஷின் இரண்டு பெரிய பிரேக்கரை ஒன்றாக ஓட்டும். ஆனால் அது ஏறத்தாழ ஒரு தொன் பாரம். பாதையில் ஏற்ற முடியாததைப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். இழுக்க வாகனம் வேண்டும், டீசல் வேண்டும். வேலை இல்லாத நாளிலும் அடகு வட்டி ஏறும். இந்தப் பக்கம் வருவதெல்லாம் சுவர் உடைக்கிறது, பழைய சிலப் எடுக்கிறது, பாத்ரூம் மாற்றுகிறது. அதற்கெல்லாம் 1,500 வாட்ஸ் கரண்ட் பிரேக்கர் போதும், கொம்பிரசரே தேவையில்லை.

கிணறு வெட்டுகிற, இறைக்கிற வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எந்த எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவரையும் கொல்லும், காப்பாற்றப் போனவரையும் கொல்லும். ஆல்ப்ஸ் மலைக்குள் பிரான்சையும் இத்தாலியையும் இணைத்து 1871இல் திறந்த மொன் செனி ரயில் சுரங்கத்தில், 1861 முதல் காற்றால் ஓடும் துளைக்கருவியைப் பாவித்தார்கள். இயந்திரம் வெளியே நிற்கும், காற்று மட்டும் குழாயால் உள்ளே போகும். அந்தக் காற்றே தொழிலாளருக்கு மூச்சுக்கும் உதவியது. கொம்பிரசரின் பெரிய நன்மையே இதுதான். எஞ்சினைக் கிணற்று வாயிலிருந்தும் தள்ளி, புகை காற்றோடு வெளியே போகிற பக்கமாக வையுங்கள்.

கொங்கிரீட் தூசு நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. துணியைக் கட்டிக்கொண்டு உடைப்பது பாதுகாப்பு இல்லை. தண்ணீர் தெளித்து உடையுங்கள், தூசுக்கென்று இருக்கிற மாஸ்க்கைப் போடுங்கள், காதையும் மூடுங்கள். வாவிக்கரையில் காற்றே ஈரம், தாங்கிக்குள் தண்ணீர் சேரும். பின்னேரம் வேலை முடிந்ததும் அடியிலுள்ள வால்வைத் திறந்து விடுங்கள். துருப்பிடித்த தாங்கி வெடித்தால் ஆள் மிஞ்சாது. பழைய மெஷின் வாங்குவதென்றால் முதலில் தாங்கியையும் சேஃப்டி வால்வையும் பாருங்கள், பெயின்ற் பிறகு பார்க்கலாம்.

மூன்று பேரும் இரண்டு நாள் யோசித்தார்கள். கையிலிருந்த சேமிப்பில் கரண்ட் பிரேக்கர் ஒன்றும், பெயின்ற் வேலைக்குச் சின்னத் தாங்கிக் கொம்பிரசர் ஒன்றும் எடுத்திருக்கிறார்கள். பெரிய வேலை வந்தால் டீசல் மெஷினை நாள் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகைக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறோம். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தால், அன்றைக்குச் சொந்த மெஷினைப் பற்றிப் பேசலாம். தாலிக்கொடி அந்த அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

வெளிநாடு போகாமல் ஊரில் நின்று உழைக்க நினைக்கிற பிள்ளைகள் இவர்கள். இந்தத் தொழிலில் நீண்டகாலம் இருக்கிற மூத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். பயன்படும் என்று நினைத்தால் பகிருங்கள்.