கட்டிக்கு ஒரு பெயர்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பது ஒரு தொல்லை. பெயர் சரியாக அமையாவிட்டால் பாத்திரம் நாலு அத்தியாயம் வரை நொண்டிக்கொண்டே வரும். ஆனால் அதனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தபடி, வெட்டி எடுத்த சதைத் துணுக்குகளுக்குப் பெயர் சொல்லுகிறாரே ஒரு டாக்டர், அவர் பாடு வேறு. நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பிழைத்து எழுந்தவர்கள் கொண்டுவரும் பழத்தட்டும் அறுவை டாக்டருக்குத்தான் போகிறது.

அப்படிப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. "உங்களை ரொம்பவும் ஏய்ப்பது எது?" என்று ஒருநாள் கேட்டேன். "மார்புக்கூட்டைச் சுற்றியிருக்கும் சதையில் அபூர்வமாக வருகிற கட்டிகள்" என்றார். மார்புக்கூடு என்றால் நெஞ்சு மட்டும் அல்ல; விலா எலும்புகள், அவற்றைப் போர்த்திய தசை, கொழுப்பு, நார், முதுகுப் பக்கம் எல்லாம் சேர்த்தி. அங்கே தட்டுப்படுவதில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள். மிச்சம் இருக்கிற சிலவற்றில்தான் சங்கடம். கைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். சில பரம சாது. சில ஆளையே விழுங்கிவிடும்.

சாதுக்களில் ஒன்றை எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே தெரியும். அது என் அத்தையின் முதுகில் இருந்தது.

அத்தைக்கு அப்போது 67 வயது. மருமகள் எண்ணெய் தேய்த்துவிடும்போது வலது தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கருகே சாத்துக்குடி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மறுநாள் பிள்ளை வந்து தேடினால் காணோம்! "உனக்குத்தான் எதிலும் பயம்" என்று மருமகளுக்குப் பேச்சு விழுந்தது. மூன்றாம் நாள் அது திரும்பவும் இருந்தது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், "ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆழத்திலும் இருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது" என்று தேதியும் குறித்துவிட்டார்கள். வீட்டில் யாரும் அந்த வார்த்தையை உச்சரிக்கவில்லை. அத்தையிடம் வாயுப்பிடிப்பு என்று சொல்லி வைத்தோம். அவள் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்து, தன் வைரத்தோட்டைப் பேத்தியின் காதில் போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரவில் யார் தூங்கினார்கள்?

நண்பர் சொல்லித்தான் இன்னொரு டாக்டரம்மாளிடம் போனோம். அந்த அம்மாள் கட்டியைத் தொடுவதற்கு முன்னால், "அம்மா, இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து தோளைக் கட்டிக்கொள்ளுங்கள், குளிருக்கு நடுங்குகிற மாதிரி" என்றார். தோள்பட்டை எலும்பு விலகியது; கட்டி உருண்டு வெளியே வந்தது. கையைத் தொங்கவிட்டதும் எலும்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மருமகள் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மாள் இடது பக்கமும் அழுத்திப் பார்த்து, "இங்கேயும் ஒன்று இருக்கிறது, சின்னதாக" என்றார்.

"ரெண்டா?" என்றாள் அத்தை. வாயுப்பிடிப்பு நாடகம் அத்தோடு முடிந்தது.

"ரெண்டு இருப்பது நல்லதம்மா. கெட்டது இப்படி ஜோடியாக, அதே இடத்தில் வருவது அபூர்வம்."

அதன் பெயர் எலாஸ்டோஃபைப்ரோமா. பின்லாந்து தேசத்து டாக்டர்களான யார்வியும் சாக்ஸேனும் 1961-ம் வருஷம் அதை விவரித்து எழுதினார்கள். பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கும் விலாவுக்கும் நடுவில் வரும். புற்றாக மாறுவதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் தசையின் நிறத்தில் ஒரு வில்லை. ஊடே கொழுப்பு வரிவரியாக ஓடியிருக்கும். படமும் இடமும் வயதும் பொருந்திவிட்டால் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் இல்லை. பின்லாந்திலேயே 1975-ல் பிரேதப் பரிசோதனைகளில் தேடிப் பார்த்தார்கள். 55 வயது கடந்த பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, ஆண்களில் பத்தில் ஒருவருக்கு அது சின்ன அளவிலாவது இருந்தது. அபூர்வம் என்று பெயர் வாங்கியது, யாரும் தேடாததனால்தான் போலிருக்கிறது.

"நாற்பது வருஷம் மாவு அரைத்தேனே, அதனால்தான்" என்பது அத்தையின் கட்சி. எலும்பு விலாவில் உராய்ந்து உராய்ந்து வருகிறது என்று டாக்டர்களும் சொல்வதுண்டு. ஆனால் ஜப்பானில் ஒகினாவா தீவில் 170 பேரை ஆராய்ந்து 1982-ல் எழுதியவர்கள், சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்திலேயே அது இருந்ததாகக் கண்டார்கள். ஆகவே அம்மிக் குழவியின்மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது.

முதல் ஆஸ்பத்திரிக்காரர்களை அதற்காக நான் ஏசத் தயாராக இல்லை. ஐந்து சென்டிமீட்டர், ஆழம், வளர்ச்சி இவற்றைக் கண்டால் சந்தேகப்படு என்பது நல்ல விதிதான். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றே. கத்திக்கு முன்னால் பெயரைக் கேட்கவில்லை. சார்க்கோமா என்னும் சதைப் புற்றாகவே இருந்திருந்தால் அந்த அவசரம் இன்னும் மோசம். ஊசி எந்த வழியாக நுழைகிறதோ அந்த வழியையும் பிற்பாடு கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்கவேண்டி வரும் என்பதால், அறுவை செய்யப் போகிறவரைக் கேட்டே ஊசி போடவேண்டும். கண்ட இடத்தில் கீறினால் புற்று அணுக்கள் அக்கம்பக்கத்துச் சதையில் சிதறிப்போகலாம். அமெரிக்காவில் மாங்கின் என்ற டாக்டரும் சகாக்களும் இப்படித் தவறாகச் சதை எடுத்ததால் வந்த கேடுகளை 1982-ல் கணக்கெடுத்தார்கள். அதில் அநாவசியமாகக் கை கால் இழந்தவர்களும் உண்டு.

சாந்தமாகக் காத்திருக்கக் கூடாத கட்டிகளும் இதே இடத்தில் வரும். விளையாடும் வயதுப் பையனுக்கு விலாப்பக்கம் வலி, வீக்கம். பந்து பட்டிருக்கும் என்று வீட்டார் ஒத்தடம் கொடுப்பார்கள். ஆஸ்கினும் அவர் கூட்டாளிகளும் 1979-ல் இத்தகைய 20 பேரை விவரித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்ட வட்டமாகச் சின்ன நீலப் பொட்டுகள், அவ்வளவுதான். அதே நீலப் பொட்டுகளை வேறு நாலைந்து வியாதிகளிலும் காணலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இன்று 11-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, இது யூவிங் சார்க்கோமாக் குடும்பம் என்று உறுதி செய்கிறார்கள். அங்கே ஒரு வாரத் தாமதமும் பெரிய தாமதம்.

நண்பர் தமக்குச் சந்தேகம் வந்தால் கண்ணாடிச் சில்லுகளைப் பஞ்சில் பொதிந்து வெளியூர் நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவிடுகிறார். தெரிந்த மாதிரி ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். அவர் செய்வதில்லை. பதில் வர எட்டு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அந்த நாட்களில் டெலிபோன் மணி அடித்தால் தாம் போய் எடுப்பதில்லை என்று சொன்னார்.