கடையாணியும் தவக்குலும்

சென்ற கோடையில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பி, மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ராஜகிரி மலை கரிய திரையாக நின்றது. அப்போது தொலைபேசி ஒலித்தது. அழைத்தவன் இங்கிலாந்தில் குடியேறி வாழும் என் தங்கை மகன்.

"மாமா, நான்கு நாட்களாக எனக்கு உறக்கமே இல்லை" என்றான்.

பதறிப்போனேன். உடலுக்கு ஏதேனும் நோயா, வேலைக்கு ஏதேனும் இடையூறா என்று வினவினேன். இரண்டும் இல்லை. பள்ளி விடுமுறையில் மனைவி மக்களுடன் பிரான்சு நாட்டுக்குக் காரிலேயே சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறான். விடுதி வாடகை கட்டுப்படியாகாது. ஆகவே படுக்கையும் அடுப்பும் அடங்கிய 'காரவன்' என்னும் இழுவை வீடு ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்றிருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடித் தேய்ந்த தன் காரின் பின்னால் அதை மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். வழியில் கார் நின்றுவிட்டால்? மொழி அறியாத நாட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், இரண்டு குழந்தைகளோடு என் செய்வது? இந்த எண்ணமே அவன் உறக்கத்தைப் பறித்திருந்தது.

"நண்பர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டுப் போ என்கிறார்கள். என் ஈமானில்தான் குறையோ என்று தோன்றுகிறது, மாமா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நோயால் நானும் ஒருமுறை வாடியவன். விவரமாக நாளை பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அன்றிரவு உறக்கம் இழந்தது நான்தான்.

'காரவன்' என்னும் சொல்லே பாரசீக மொழியின் 'கார்வான்' என்பதன் வழித்தோன்றல்தான். அரபியில் 'காஃபிலா' என்போமே, அந்தப் பயணக்கூட்டம். ஒட்டக வரிசையின் பெயர், காலப்போக்கில் காரின் பின்னே உருளும் ஒற்றைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. பெயர் இடம் மாறினாலும் முன்னே செல்பவனின் கவலை மாறவில்லை. தனியே செல்பவன் வண்டி நின்றால் நடந்துவிடுவான். தன்னை நம்பிப் பின்னே வருபவர்கள் இருக்கும்போதுதான் எஞ்சினின் ஒவ்வொரு முனகலும் நெஞ்சில் அடிக்கிறது. எனவே அந்தக் கவலையை ஈமானின் குறை என்று நான் சொல்லமாட்டேன். அது பொறுப்பின் நிழல்.

1994-ஆம் ஆண்டு நான் ரியாதில் வேலையில் இருந்தேன். செஞ்சியிலிருந்து என் அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். உம்ராச் செய்யவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதில் அம்மா, மனைவி, இரு பிள்ளைகளுடன் மக்காவுக்குப் புறப்படத் தீர்மானித்தேன். சுமார் 900 கிலோமீட்டர், பெரும்பகுதி பாலைவெளி. கைத்தொலைபேசி எங்களை வந்தடையாத காலம். அம்மாவுக்கோ நீரிழிவு. அவர்களுடைய இன்சுலின் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுசெல்ல வேண்டும். கார் நின்று, பனிக்கட்டி உருகி, மருந்து கெட்டுவிட்டால் என்னும் காட்சி இரவெல்லாம் என் கண்முன் ஓடியது.

ஒரு மாதம் அந்தக் காரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ரேடியேட்டரைக் கழுவினேன். ரப்பர் குழாய்களை மாற்றினேன். ஃபேன் பெல்ட் ஒன்றை உபரியாக வாங்கி வைத்தேன். மெக்கானிக் சலித்துப்போகும் அளவுக்கு எஞ்சினை இயக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

இரவில் பயணம் செய்வதே நல்லது, சாலையும் டயரும் குளிர்ந்திருக்கும் என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். நானோ, இரவில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் கிடைக்காதே என்று அஞ்சி, சுப்ஹுத் தொழுததும் புறப்பட்டேன். என் கவலை எனக்கு இழைத்த முதல் தீங்கு அதுதான். அளவு மீறிய அச்சம் அறிவுரை கேட்கும் காதை அடைத்துவிடுகிறது.

புறப்படும்போது நான் காரைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்ட அம்மா புன்னகை செய்தார்கள்.

"எங்க நன்னாவைப் போலவே நிற்கிறாய், தம்பி" என்றார்கள்.

அம்மாவின் நன்னாவிடம் ஒரு கூண்டு வண்டி இருந்ததாம். ரயில் ஏறவேண்டுமானால் செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை அந்த மாட்டு வண்டியில்தான் போகவேண்டும். எல்லோரும் ஏறி அமர்ந்த பிறகு, நன்னா கீழே நின்று இரண்டு சக்கரங்களின் கடையாணியையும் விரலால் தொட்டு அசைத்துப் பார்ப்பார். தொடும்போதே வாய் பிஸ்மிச் சொல்லும். கடையாணி கழன்றால் சக்கரம் கழலும். சக்கரம் கழன்றால் குடும்பம் குடைசாயும். கை கடையாணியில், நாவு பிஸ்மில்லாஹ்வில். இரண்டில் ஒன்றை விட்டு ஒன்றை அவர் செய்ததில்லையாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி திர்மிதீயில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த வண்டிக்காரர் அந்த ஹதீஸை ஓதி அறிந்திருப்பாரோ என்னவோ, விரல் நுனியில் வைத்திருந்தார்.

லுஹர் நேரம் கடந்தது. வெயில் தார்ச்சாலையில் கானல் நீராய் நெளிந்தது. என் கண்கள் வெப்பமானியின் முள்ளை விட்டு அகலவில்லை. முள் அசையவில்லை, எஞ்சின் சீராக ஓடியது. அப்போது பின்பக்கம் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. கார் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு சென்று மணலோரம் நின்றது. பின் டயர் ஒன்று நார் நாராகக் கிழிந்திருந்தது.

காரணம் எளிது. கூரையில் மூட்டைகள், உள்ளே ஐந்து உயிர்கள். டயரில் காற்றுக் குறைவாக இருந்தால் அது உருளும்போது அளவுக்கு மேல் நெளியும். நெளிய நெளியச் சூடேறும். சாலையின் சூடும் சேர்ந்தால் ரப்பர் அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். ஒரு மாதம் எஞ்சினைக் காவல் காத்த நான், டயரின் காற்றை அளந்து பார்க்கவில்லை. கவலைக்கு ஒரு குணம் உண்டு. அது ஓசை வரும் இடத்தையே சுற்றிவரும். ஓசையின்றி நலியும் பொருளை அது காண்பதில்லை.

அதைவிடப் பெரிய வெட்கம் பின்னே காத்திருந்தது. மூட்டைகளை இறக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். அழுத்தினேன், குழைந்தது. அதிலும் காற்று இல்லை!

மனைவி துப்பட்டியை விரித்து அம்மாவுக்கு நிழல் பிடித்தாள். பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பனிக்கட்டி பாதி நீராகியிருந்தது. அந்த அரைமணி நேரத்தில் நான் செய்த துஆவைப்போல் வாழ்நாளில் அதற்கு முன் செய்ததில்லை.

ஒரு லாரி எங்களைத் தாண்டிச் சென்று, வேகம் தணிந்து, பின்னோக்கி வந்து நின்றது. இறங்கியவர் சூடான் நாட்டுக்காரர், நெடிய உருவம். என் அரைகுறை அரபியை அவர் முழுதும் கேட்கவில்லை. ஸ்டெப்னியை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தார். ஆசனத்துக்கு அடியிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை எடுத்தார். லாரியின் பிரேக்குகள் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குபவை. அதற்கென ஒரு காற்றுத் தொட்டி லாரியில் உண்டு. அதில் குழாயின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஸ்டெப்னியில் பொருத்தினார். சில நிமிடங்களில் டயர் நிமிர்ந்தது. தாமே ஜாக்கி வைத்துச் சக்கரத்தையும் மாட்டிக்கொடுத்தார்.

பணத்தை நீட்டினேன்; கையை மார்பில் வைத்து மறுத்தார். கஅபாவைக் காணும்போது தமக்காகவும் துஆச் செய்யும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். அந்தக் குழாய் தம் லாரிக்குத் தேவைப்படுவதில்லை என்றும், வழியில் நிற்பவர்களுக்காகவே வைத்திருப்பதாகவும் சொன்னார்.

கார் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, வெகுநேரம் பேசாதிருந்த அம்மா, "நன்னா கதையில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்றார்கள். "வண்டியில் எப்போதும் இரண்டு கடையாணி கூடுதலாக வைத்திருப்பார். ஒன்று நமக்கு என்பார். மற்றொன்று யாருக்கு என்று கேட்டால், அது இன்னும் தெரியவில்லை என்பார்."

தாயிஃபில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பினோம். மருந்து கெடவில்லை. அம்மா உம்ராவை நிறைவேற்றினார்கள். கஅபாவின் முன் நின்று, பெயர் அறியாத அந்தச் சூடானியருக்காக என் அம்மா அழுததை நான் கண்டேன்.

அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா அம்மையாரைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமையப் பெரும் பொருளைச் செலவிட்டவர். ஹிஜ்ரி 216-இல் மறைந்த அவர் பெயரை அந்த வழி இன்றும் சுமக்கிறது. அரசியாரின் பயணத்துக்குத் தண்ணீர் சுமந்து வர ஆயிரம் ஒட்டகங்கள் கிடைத்திருக்கும். ஆனால் அவர் நினைத்தது, ஒட்டகமே இல்லாதவனின் தாகத்தை. சூடானியரின் ரப்பர் குழாயும் நன்னாவின் இரண்டாம் கடையாணியும் அந்தக் கிணறுகளுக்கு உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலை அந்த நினைவுகளோடு கோட்டைப் பக்கம் நடந்தேன். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் செஞ்சிக்கோட்டையும் இடம்பெற்ற பிறகு வெளியூர்க் கார்கள் மிகுதியாக வந்து நிற்கின்றன. தேசிங்குராஜனின் வீரத்தைப் பாடும் ஊர் எங்கள் ஊர். எனினும் வயது ஏற ஏற என் கால்கள் தானியக் களஞ்சியத்தின் முன்தான் நிற்கின்றன. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து நின்றபோது இந்தக் கோட்டை தாங்கியதற்கு மதில்கள் மட்டுமா காரணம்? உள்ளே நெல்லும் சுனைநீரும் இருந்தனவே! வெளியே எதிரி கண்ணுக்குத் தெரியாத நாளில் யாரோ ஒருவன் கவலைப்பட்டுக் கட்டியவை அல்லவா அவை?

அன்றிரவு மருமகனை அழைத்தேன். அவன் கவலையைப் போக்க முயலவில்லை. அதற்கு வேலை கொடுத்தேன். அவனிடம் நான் சொன்னவை இவைதாம்.

இரவல் வாங்கிய வண்டி பல மாதம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். அதன் டயர்கள் தேயாமலே முதுமை அடைந்து வெடித்துப்போகும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பார். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். சாமான்களோடு சேர்த்து இழுவை வீட்டின் எடை, காரின் வெற்றெடையில் 85 விழுக்காட்டைத் தாண்டவேண்டாம் என்று உங்கள் நாட்டிலேயே புதியவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள், நிறுத்துப் பார். நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், பொறுமையாக ஏறு. இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ் கியரில் இறங்கு. கொக்கி கழன்றாலும் பின்வண்டியின் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் சிறு கம்பிக் கயிறு ஒன்று உண்டு. அதுதான் உன் கடையாணி. புறப்படுமுன் விரலால் தொட்டுப் பார். தொடும்போது பிஸ்மிச் சொல். ஸ்டெப்னியை மறவாதே!

"இவ்வளவும் செய்தால் கவலை போய்விடுமா, மாமா?"

"போகாது, மகனே. ஆனால் உன்னை உறங்கவிடும். உன் கை எட்டும் தூரம் வரை உன் வேலை. அதற்கு அப்பால் உள்ளது உன்னுடையது அன்று."

பிறகு இரண்டாவது கடையாணியின் கதையையும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

அம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. என் காரின் பின்பெட்டியில் காற்றடிக்கும் பம்பு ஒன்று எப்போதும் கிடக்கிறது. எனக்கென்று அதை எடுத்த நாட்கள் சில. திருவண்ணாமலைச் சாலையில் பிறருக்காக எடுத்த நாட்களே மிகுதி. ஒவ்வொரு முறையும் அந்தச் சூடானியர் என் நினைவில் வருகிறார். அவர் எங்கிருந்தாலும் அல்லாஹ் அவருடைய பாதையை எளிதாக்குவானாக!