தனிமையும் தலைமையும்

வலிமை மிக்க ஒரு நாடு பிறர் பூசல்களிற் கலவாது ஒதுங்கி வாழ்தல் அறமாகுமா? ஒதுக்கம் நீங்கி உலகிற்குத் தலைமை பூணுதல்தான் அறமாகுமா? ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்விரு வினாக்களும் என் உள்ளத்தை அலைக்கின்றன. தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனத் தோழர் சிலர் நகைப்பர். திருக்குறளில் வலியறிதலும் நட்பாராய்தலும் கற்றவனுக்கு இது புறம்பானதன்று என்பதே என் விடை.

அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய வாஷிங்டன், அயல்நாடுகளோடு நிலையான கூட்டுறவு கொள்ளற்க என 1796-ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களிற் புதிய குடியேற்றம் நாட்டலாகாது எனவும், ஐரோப்பியப் போர்களில் தம் நாடு தலையிடாது எனவும் மன்றோ 1823-இல் அறிவித்தார். இருபுறத்தும் கிடந்த பெருங்கடல்கள் அக்கொள்கைக்கு அகழிகளாயின. ஆயினும் அது முற்றத் துறந்தார் துறவன்று. 1898-இல் ஸ்பெயினை வென்று பிலிப்பைன் தீவுகளைக் கைக்கொண்ட அந்நாடு, 1946-இல்தான் அவற்றிற்கு விடுதலை நல்கிற்று.

1917-இல் முதல் உலகப் போரிற் புகுந்த பின்னர், போரொழிக்கும் சர்வதேச சங்கம் ஒன்றைக் காண வில்சன் பெரிதும் உழைத்தார். 1920, மார்ச்சு 19-இல் செனட் சபையில் அவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாக 49 வாக்குகளும் எதிராக 35 வாக்குகளும் வீழ்ந்தன. மூன்றில் இருபங்கு கிட்டாமையால் அது தோற்றது. 1935 முதல் இயற்றப்பெற்ற நடுநிலைமைச் சட்டங்கள் கதவை இன்னும் இறுகச் சாத்தின.

அச்சட்டங்களை ஆதரித்தோருள் ஒருவர் மிச்சிகன் மாநிலத்துச் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க். 1941, டிசம்பர் 7-இல் ஜப்பானியர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது அவர் கருத்தை மாற்றிற்று. கடல்கள் இனி நம்மைக் காக்கும் அகழிகளல்ல என்னும் கருத்துப்பட அவர் 1945, ஜனவரியிற் செனட் சபையிற் பேசினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அதே சபை, ஐக்கிய நாடுகளின் சாசனத்தை 89-க்கு 2 என்னும் வாக்குகளால் ஏற்றது. 1949-இல் வட அட்லாண்டிக் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. வாஷிங்டன் விலக்கிய நிலையான கூட்டுறவு இங்ஙனம் நாட்டின் கொள்கையாயிற்று. முதுமையிலும் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்ட வாண்டன்பர்க்கின் நேர்மையை யான் போற்றுகின்றேன்.

எனினும், மாறாத ஒருவரும் என் நெஞ்சில் இடம் பெற்றுள்ளார். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணி ஜெனெட் ராங்கின் அம்மையார். 1917-இல் அம்மையாரும் வேறு 49 பேரும் பிரதிநிதிகள் சபையிற் போரை மறுத்தனர். 1941-இல் 388 பேர் போருக்கு இசைய, மறுத்தவர் அம்மையார் ஒருவரே. 1968-இல், எண்பத்தேழாம் அகவையில், வியத்நாம் போரை எதிர்த்து வாஷிங்டன் நகரில் மகளிர் அணிவகுப்பை அவரே நடத்தினார். அப்போரில் மாண்ட அமெரிக்கர் 58,000-க்கு மேற்பட்டோர்; வியத்நாமியரோ அதனினும் பன்மடங்கினர். இறந்த வீரருட் பலர் என் போலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர். போருக்கு வாக்களிப்போர் அவையில் அமர்ந்திருக்க, களம் புகுவோர் எம்மனோரே என்பதை எண்ணும்போது அம்மையாரின் மறுப்பு என் செவியில் உரக்க ஒலிக்கின்றது.

1941-இல் அம்மையார் அளித்த வாக்கை யான் ஏற்கின்றிலேன். தாக்குண்ட நாடு வாளா இருத்தல் இயலாது. ஆனால் தனிமையை விட்டுத் தலைமை பூண்ட நாட்டிற்கு, ‘இப்போர் யார்பொருட்டு?’ என அவையில் எழுந்து வினவுவார் ஒருவரேனும் வேண்டும். அவ்வினா எழாத அவையில், பிறரைக் காக்கப் புறப்பட்ட வலிமை பிறரை ஆளும் வேட்கையாய் முடியும். பிலிப்பைன் தீவினர் அதனை 1898-இலேயே கண்டனர்.