தெருவே பாடப் புத்தகம்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. நியூயார்க்கில் நீயும் உன்னோடு கலை ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்களும், ஆசியர்கள் மீதான வன்முறைக்கு எதிராக என்ன செய்யலாம் என்று பேசி வருகிறீர்கள் என எழுதியிருந்தாய். 2021 மார்ச் 16 அன்று அட்லாண்டா பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அன்று முதல் எனக்கும் உன்னைப் பற்றிய கவலைதான். நம்மூர்க் கலைக்கல்வியாளர்கள் நடந்த வழியைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

நம் பினாங்கும் அடிபட்ட ஊர்தான். 1967 நவம்பரில் நாணய மதிப்புக் குறைப்பை எதிர்த்து ஜார்ஜ் டவுனில் நடந்த கடையடைப்பு, இனக்கலவரமாகி ஊரடங்கில் போய் நின்றது. 1998இல் கம்போங் ராவாவில் கோயிலையும் பள்ளிவாசலையும் வைத்து மூண்ட தகராறில் இந்துக்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் 1999இல் ஆர்ட்ஸ்-எட் என்ற கலைக்கல்வி அமைப்பு தொடங்கியது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளை அதன் நிறுவனர். நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளி என்று பிரிந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெருக்காரர் என்ன செய்து பிழைக்கிறார் என்பதுகூடத் தெரியாமல் வளர்ந்துவிட முடியும். அந்த அமைப்பின் ‘அனாக்-அனாக் கோத்தா’ திட்டம் பல இனப் பிள்ளைகளை ஒன்றாக நகரின் பழைய தெருக்களுக்கு அழைத்துச் சென்றது. கைத்தொழில் செய்கிறவர்களிடமும் அங்கே குடியிருந்த முதியவர்களிடமும் அவர்கள் கேள்வி கேட்டார்கள், காது கொடுத்தார்கள். கேட்டதைத்தான் பிறகு நாடகமாகவும் நடனமாகவும் படமாகவும் ஆக்கினார்கள். முதலில் கேட்பது, பிறகு படைப்பது: இந்த வரிசைதான் முக்கியம்.

பல இனத்தவர் ஒன்றுகூடிக் கலை படைப்பதற்கு இந்த மண்ணில் வேரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் உருவானதுதான் பங்சாவான் என்ற நாடக வடிவம். மலாய் மொழி மேடையில் பல இனத்தவரும் நடித்தார்கள். பல இனத்தவரும் பார்த்தார்கள்.

இப்போது உன் நாட்டுக்கு வருகிறேன். 1982இல் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்பவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்று ஊரே கொதித்த காலம். அந்தக் கோபத்துக்குப் பலியான அவரோ சீன வம்சாவளியினர். கொன்றவர்கள் ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை. 1987இல் ஜெர்சி சிட்டியில் ஒரு கும்பல், பொட்டு வைத்தவர்களை விரட்டுவோம் என்று கிளம்பி இந்தியர்களைத் தாக்கியது. வெறுப்பு முகத்தை மட்டுமே பார்க்கிறது; ஆளை அறிவதில்லை. அந்த அறியாமை வேர்விடும் வயதில் பிள்ளைகள் இருப்பது உங்கள் வகுப்பறையில்தான்.

நீதிமன்றம் செய்ய வேண்டியதை நாடகம் செய்யாது. சட்டத்துக்கான போராட்டம் தனியே நடக்கத்தான் வேண்டும். ஆனால் நாளை நீதிபதியாக, போலீஸ்காரராக, அண்டை வீட்டாராக வரப்போகிறவர்கள் இன்று உங்கள் மாணவர்கள்.

ஆகவே, ‘வெறுக்காதே’ என்று சுவரில் எழுத வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஆசியர்கள் நிறைந்த சைனாடவுனுக்கும் ஜாக்சன் ஹைட்ஸுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். கடைக்காரர்களும் பாட்டிமார்களும் பேசட்டும். உருவாகும் படைப்பு முதலில் அந்தத் தெருவிலேயே, அந்த மனிதர்கள் முன்னிலையில் அரங்கேறட்டும். ஒரே ஒரு விழாவோடு முடித்துவிடாமல் ஆண்டுதோறும் செய்யுங்கள்.

அன்புடன்,
பெரியம்மா
ஜார்ஜ் டவுன், பினாங்கு